பால்வாடி: மலை மேலும் மலைக்குக் கீழும்

போன மாதம் எங்கள் வீட்டில் பேத்தியைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. அவளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. வேன் வரும் பள்ளியா, தெருக்கோடி அங்கன்வாடியா என்று மகன் கேட்டான். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் அங்கன்வாடியைப் 'பால்வாடி' என்றுதான் சொல்கிறார்கள். இரண்டு சொல்லும் மேற்கிலிருந்து வந்தவை. தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-ல் தாணே மாவட்டத்து போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பாலர் கல்வி மையம் தொடங்கினார். அனுதாய் வாக் அவருக்குத் துணை. மலைவாழ் மக்களின் குழந்தைகள் மையம் தேடி வரவில்லை. வராத குழந்தையைக் குறை சொல்லாமல், அவர்கள் பள்ளியைத் தூக்கிக்கொண்டு குடிசை வாசலுக்கே போனார்கள். 'அங்கன்' என்றால் முற்றம். முற்றத்தில் நடந்த பள்ளிதான் அங்கன்வாடி. இதை நினைவில் வையுங்கள்.

1953-ல் துர்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபின், மாதர் சங்கங்கள் மூலம் பல கிராமங்களில் பால்வாடிகள் வந்தன. பாட்டு, கதை, மஞ்சள் நிற மக்காச்சோள உப்புமா, கரைத்த பால் பவுடர். என் வயதுக்காரர்களுக்கு அந்த வாசனை இன்னும் மறந்திருக்காது.

பிறகு மூன்று திட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. 1975 அக்டோபர் 2-ல் நாடு முழுவதும் 33 இடங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் சத்துணவு கொடுத்தார்கள். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் கிராமத்துப் பால்வாடிகளில் 2 வயதிலிருந்தே சுடுசோறு போட்டது. சுருக்கமாகச் சொன்னால், ஒன்று எடை பார்த்தது, ஒன்று சோறு போட்டது, ஒன்று பாட்டும் சொல்லிக் கொடுத்தது. பின்னால் எல்லாம் அங்கன்வாடி என்ற ஒரே பெயருக்குள் வந்து சேர்ந்தன.

நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் சில வருடம் மலை மேலும், மீதி வருடங்கள் கலசப்பாக்கம் பக்கத்திலும் வேலை பார்த்தேன். செய்யாறு புறப்படும் இடத்தையும் பார்த்தேன், அது அகன்று மணலாக ஓடும் இடத்தையும் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பில் முதல் வாரமே தெரிந்துவிடும். பால்வாடிக்குப் போய் வந்த பிள்ளை அழாது, வரிசையில் தட்டு வைக்கும், சிலேட்டைப் பிடிக்கத் தெரியும். போகாத பிள்ளை ஆடி மாதம் வரை அம்மாவின் முந்தானையைத் தேடும்.

கீழே அப்படிப் போகாத பிள்ளைகள் குறைவு, மலையில் அதிகம். ஏன்? ஒரு நாள் ஒரு தாயிடம் கேட்டேன். "ஓடை ரெண்டு தாண்டணும் சார். மழை வந்தா புள்ளைய யாரு தூக்கிட்டு வருவா? நான் சாமை அறுக்கப் போவேனா, இதுக்கு நடப்பேனா?" என்றார். அப்போதைய கணக்குப்படி சமவெளியில் 1,000 பேருக்கு ஒரு மையம், மலைப்பகுதியில் 700 பேருக்கு ஒன்று. காகிதத்தில் மலைக்குச் சலுகைதான். ஆனால் கீழே 1,000 பேர் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் இருப்பார்கள். மேலே 700 பேர் என்றால் பல சிற்றூர்களைச் சேர்க்க வேண்டும். மையம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் லாபம்.

2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 6 வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருக்கும் குடியிருப்பு கேட்டால் 3 மாதத்துக்குள் மையம் தர வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் 40 பிள்ளைகள் இல்லாத ஊர்தான் மலையில் அதிகம். பின்பு விதி தளர்ந்து, 150 பேர் உள்ள மலைக் குடியிருப்புக்கும் குறு அங்கன்வாடி தரலாம் என்றானது. தாராபாய் முற்றத்துக்குப் போனதை அரசாங்கக் கணக்கு எட்டிப் பிடிக்க அத்தனை வருடம் ஆயிற்று.

2019 ஜனவரியில் தமிழக அரசு, நடுநிலைப்பள்ளி வளாகத்தில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. வேன் பள்ளிக்குப் போன பெற்றோரைத் திரும்பி வரவைக்க அது நல்ல யோசனை. ஆனால் நடுநிலைப்பள்ளி இருப்பது பெரிய ஊரில். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு மறுபடியும் அதே தூரம்தான்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய 35 வருடங்களுக்கு முன், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பால்வாடிக்கு அனுப்பச் சொன்னவன் நான். அதே வருடம் என் மகனைத் தனியார் நர்சரியில் சேர்த்தேன். தெருவில் ஒருவர், "சாரே, உங்க பையன் எங்க படிக்கிறான்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் பதில் சொல்லாமல் சைக்கிளை மிதித்தேன். வாத்தியார், கிளார்க் வீட்டுப் பிள்ளைகள் விலகியதும், மையத்தில் ஓடு உடைந்தால் கேட்க ஆளில்லாமல் போனது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

மகனிடம் இதை மறைக்காமல் சொன்னேன். மறுநாள் மருமகளோடு தெருக்கோடி மையத்துக்குப் போனேன். சுவரில் படங்கள், தரையில் பாய், எடை பார்க்கும் தராசு. டீச்சர் ஒருவர், உதவியாளர் ஒருவர். பிள்ளைகள் குறைவு. "உங்க பேத்தி வந்தா இன்னும் நாலு பேர் வருவாங்க ஐயா" என்றார் டீச்சர்.

திங்கட்கிழமை முதல் போகிறாள். கொண்டுபோய் விடுவது என் வேலை. வீட்டிலிருந்து இருநூறு அடி தூரம்கூட இராது. அந்த இருநூறு அடியை நடக்கும்போதெல்லாம், மலையில் இரண்டு ஓடை தாண்ட வேண்டிய பிள்ளையின் ஞாபகம்தான் வருகிறது.