பன்னிரண்டு ராஜாக்களின் சீட்டுக்கட்டு

ஆபீஸில் என் டீமில் இருக்கும் இரண்டு பையன்களுக்கு வார்ஹேமர் பைத்தியம். தெரியாதவர்களுக்காக: 1983ல் இங்கிலாந்தில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற கம்பெனி கொண்டுவந்த மேஜைப் போர் விளையாட்டு அது. குட்டிக் குட்டிப் படைவீரர் பொம்மைகள், ஒரு அளவு நாடா, கை நிறையப் பகடை. மனிதர்கள், குள்ளர்கள், எல்ஃப்கள், ஓர்க் என்ற பச்சை முரடர்கள், செத்தும் அடங்காத எலும்புக்கூடுகள் என்று ஆளுக்கொரு படை. ஒவ்வொரு படைக்கும் தனிப் புத்தகம் உண்டு. பாதி அந்த இனத்தின் கதை, பாதி விதிகள். கதையில் முரடர்கள் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள் என்று இருந்தால் அதற்கும் ஒரு விதி இருக்கும். கதை வேறு, ஆட்டம் வேறு இல்லை.

"நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவும் கிடையாது சார்" என்றான் ஒருவன். தில்லியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமோ?

உடனே சதுரங்கம் என்று சொல்வீர்கள். சதுரங்கம் போர் விளையாட்டுதான், ஆனால் அதில் இரண்டு பக்கமும் ஒரே படை. கறுப்புக்கும் வெள்ளைக்கும் குணத்தில் வித்தியாசம் கிடையாது. நான் சொல்ல வருவது கஞ்சிஃபா. பலகையில் ஆடுவதில்லை, சீட்டுதான். ஆனால் பல இனப் படைகளும், அவற்றுக்கான உலகமும், அந்த உலகத்துக்கு ஏற்ற விதியும் அதில் உண்டு.

முதலில் கொஞ்சம் வரலாறு. பாபர் தன் நினைவுக் குறிப்புகளில், 1527ல் ஆக்ராவில் இருந்தபோது சிந்துவில் இருந்த ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகள் அனுப்பியதை எழுதுகிறார். அவனுக்கு இந்த ஆட்டம் பிடிக்குமாம், கேட்டிருந்தானாம். பானிபட்டில் ஜெயித்து ஒரு வருஷம்தான் ஆகியிருக்கிறது, அதற்குள் சீட்டுக்கட்டு பார்சல்! அந்தக் குடும்பத்துக்கே விளையாட்டுப் பித்து அதிகம். 1533ல் தில்லியில் தீன்பனா நகரைத் தொடங்கிய மகன் ஹுமாயூன், கிரகங்களின் வட்டங்கள் நெய்த பெரிய ஜமக்காளம் ஒன்றை விரித்து அதில் பிரபுக்களை உட்கார வைப்பார். பகடை உருட்டினால் மனித உருவம் விழும். நிற்கும் உருவம் விழுந்தால் நிற்க வேண்டும், படுத்த உருவம் விழுந்தால் படுக்க வேண்டும். (இன்றைய கார்ப்பரேட் ட்ரெய்னிங்கில் இதைத்தான் நம்மைச் செய்யச் சொல்கிறார்கள்.)

பேரன் அக்பர் ஆடிய சீட்டுக்கட்டைப் பற்றி அபுல் ஃபசல் தன் ஆயின்-இ-அக்பரியில் விரிவாக எழுதியிருக்கிறார். பன்னிரண்டு இனம், இனத்துக்குப் பன்னிரண்டு சீட்டு, ஆக 144. ஒவ்வொரு இனத்திலும் ஒரு ராஜா, ஒரு மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து வரை எண் சீட்டுகள். பெயர்கள் பாரசீகம் அல்ல, நமக்குக் காதில் விழுந்தவுடன் புரியும் சமஸ்கிருதப் பெயர்கள்.

முதல் இனம் அசுவபதி, குதிரைகளின் தலைவன். குடையும் கொடியுமாகக் குதிரைமேல் இருக்கும் இந்த ராஜா தில்லி அரசனைப் போன்றவன் என்கிறார் அபுல் ஃபசல். இத்தனைக்கும் அவர் எழுதிய காலத்தில் அரசவை தில்லியில் இல்லை. ஆக்ரா, சிக்ரி, லாகூர் என்று சுற்றிக்கொண்டிருந்தது. இருந்தாலும் குதிரைப் படை என்றால் தில்லி. அடுத்தவன் கஜபதி, யானைகளின் தலைவன், ஒடிசா அரசன். மூன்றாவது நரபதி. காலாட்படையை நம்பியவன், பீஜப்பூர் அரசர்களைப் போல. பிறகு கோட்டைமேல் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கும் கடபதி, பொன் வெள்ளிக் குவியலோடு தனபதி, கவசம் அணிந்த வீரர்கள் சூழ தளபதி.

இதுவரை எல்லாம் மண்ணில் கால் பதித்த சமாச்சாரம். ஏழாவதிலிருந்து ஆட்டம் வேறு உலகத்துக்குப் போகிறது. கப்பலில் சிம்மாசனம் போட்ட நௌபதி. தோழிகள் சூழ ஒரு ராணி, அவளுக்கு மந்திரியும் பெண்தான். தேவர்களின் அரசன் இந்திரன். அவனுக்கு அடுத்து பூதகணங்களை ஆளும் அசுரபதி. அந்தச் சீட்டில் இருப்பது யார் தெரியுமா? தாவூதின் மகன் சுலைமான். ஜின்களை அடக்கி ஆண்ட அதே சுலைமான். இந்திரனும் சுலைமானும் ஒரே சீட்டுக்கட்டில் அடுத்தடுத்து! பதினொன்றாவது காட்டு விலங்குகள், ராஜா புலி, மந்திரி சிறுத்தை. கடைசியில் அகிபதி, பாம்புகளின் அரசன். டிராகன்மேல் சவாரி செய்யும் ஒரு பாம்பு. அதன் மந்திரி இன்னொரு பாம்பின்மேல் ஏறிய பாம்பு. இதைப் படித்துக் காட்டியதும் வார்ஹேமர் பையன் வாயைத் திறக்கவில்லை :)

இப்போது விதிகள். முதல் ஆறு இனங்களுக்கு பீஷ்பர், அதாவது வலுவானவை என்று பெயர். கடைசி ஆறும் கம்பர், வலுக் குறைந்தவை. (நம் கம்பருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) பிற்காலக் கஞ்சிஃபா ஆட்டங்களில் இந்தப் பிரிவுக்கு ஒரு அழகான அர்த்தம் உண்டு. எல்லா இனத்திலும் ராஜா பெரியவர், அடுத்தது மந்திரி. அதற்குப் பிறகு வலுவான இனங்களில் பத்து பெரிது, ஒன்று சிறிது. வலுக் குறைந்த இனங்களில் தலைகீழ், ஒன்றுதான் பெரிது, பத்து கடைசி. துருப்பு கிடையாது. எது போயிற்று, எது இன்னும் வெளியே வரவில்லை என்று நினைவில் வைத்திருப்பவனுக்குத்தான் வெற்றி.

இதை அக்பரின் பன்னிரண்டு இனங்களுக்குப் போட்டுப் பாருங்கள். குதிரை, யானை, காலாள், கோட்டை, பணம், கவச வீரர்கள்: இவையெல்லாம் எண்ணிக்கை கூடக் கூடப் பலம். பத்து யானை ஒரு யானையைவிடப் பெரிது, அதில் சந்தேகமில்லை. ஆனால் பாம்பு? ஒரு பாம்பு போதும், பத்துப் பாம்பு சும்மா கூட்டம். தெய்வமும் அப்படித்தான். வெறும் ஆட்ட வசதிக்காக வந்த பிரிவு என்று இதை ஒதுக்கிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ உட்கார்ந்து, எது எண்ணக்கூடிய பலம், எது எண்ணில் அடங்காதது என்று யோசித்துப் பிரித்தது போலத்தான் இருக்கிறது.

என்னை உறுத்துவது கப்பல். பாம்பு, பூதம், தேவர்களோடு நௌபதியை எதற்காகச் சேர்த்தார்கள்? கப்பல் என்ன கற்பனைப் பிராணியா?

வட இந்தியச் சமவெளியிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். அக்பர் முதன்முதலாகக் கடலைப் பார்த்ததே 1572ல், குஜராத் படையெடுப்பின்போது, காம்பே துறைமுகத்தில். அப்போது அவருக்கு முப்பது வயது. பதினாறு வருஷமாகப் பாதுஷா. அவருடைய அத்தை குல்பதன் பேகம் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டபோது சூரத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்க நேர்ந்தது, போர்த்துகீசியரின் அனுமதிச் சீட்டு இல்லாமல் கடலில் இறங்க முடியாது. இந்துஸ்தானத்தின் பாதுஷா வீட்டுப் பெண்களுக்கே இந்த கதி. கம்பர் வரிசையில் கப்பலை வைத்ததில் ஆச்சரியம் என்ன?

இதே சீட்டுக்கட்டை நாகப்பட்டினத்திலோ காயலிலோ வரைந்திருந்தால் நௌபதி எங்கே இருந்திருப்பான்? 1025ல் கடாரத்துக்குப் படை அனுப்பிய ராஜேந்திர சோழன் ஊர்க்காரர்கள் கப்பலைப் பாம்போடு சேர்க்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், தெற்கே அசுவபதியாக வேண்டுமென்றால் முதலில் நௌபதியின் தயவு வேண்டும். 13ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹோர்முஸ் பக்கத்திலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குவதையும், அரசன் அதற்குக் கொட்டிக் கொடுப்பதையும், சரியாகப் பராமரிக்கத் தெரியாமல் அவை சாவதையும் எழுதியிருக்கிறார். மாணிக்கவாசகர் கதையிலும் அமைச்சர் குதிரை வாங்கத் துறைமுகத்துக்குத்தானே போகிறார்? நரி பரியானது அப்புறம். தில்லிக்குக் குதிரை கைபர் வழியாக நடந்து வந்தது, மதுரைக்குக் கடல் தாண்டி வந்தது. சீட்டுக்கட்டின் வரிசை என்பது ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து பார்த்த இந்தியா. இங்கே தில்லியில் சக ஊழியர்களிடம் சோழர் கடற்படை பற்றிப் பேச ஆரம்பித்தால் ஒரு மரியாதைச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு புதிதல்ல என்று தெரிகிறது.

நரபதி விஷயமும் இப்படித்தான். அசுவபதி, கஜபதி, நரபதி என்ற மூன்றும் சீட்டுக்காக யாரோ உருவாக்கிய பெயர்கள் இல்லை. தக்காணத்திலும் ஆந்திரத்திலும் இவை நிஜ அரசியல் பட்டங்கள். அங்கே நரபதி என்றால் விஜயநகர ராயர், கஜபதி ஒடிசாக்காரர், அசுவபதி துருக்க சுல்தான். இரண்டாம் தேவராயன் தமிழ்க் கல்வெட்டுகளில் யானை வேட்டை கண்டவன் என்று பட்டம் போட்டுக்கொள்கிறான். சேதுபதிகளின் செப்பேடுகளைப் புரட்டினால் அசுபதி, கெசபதி, நரபதி என்று பட்ட வரிசையே வரும். ராமநாதபுரத்தில் அத்தனை யானை ஏது என்று கேட்கக் கூடாது, அது பட்டம்.

அப்படியானால் அபுல் ஃபசல் ஏன் பீஜப்பூர் என்கிறார்? 1565ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் விழுந்துவிட்டது. ஜெயித்த கூட்டணியில் பீஜப்பூரும் ஒன்று. வடக்கிலிருந்து பார்ப்பவருக்குத் தெற்கே கண்ணில் படும் பெரிய அரசு அதுதான். பட்டம் அப்படியே இருக்க, ஆள் மாறிவிட்டான் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். ஒடிசாவிலும் 1568ல் முகுந்த தேவனோடு பழைய சுதந்திர அரசு முடிந்துவிட்டது. அபுல் ஃபசல் எழுதும்போது அசுவபதிக்கு எதிராக நின்ற இரண்டு பேரும் காலி, சீட்டில் மட்டும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்குப் பிறகு அக்பர் சீட்டுகளில் சில மாற்றங்கள் செய்தார் என்கிறது ஆயின். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இதுதான் பிடித்த பகுதி. தனபதியின் பத்துச் சீட்டுகளில் பொற்குடங்கள் போய், கருவூலத் தொழிலாளிகள் வருகிறார்கள். உலோகம் உருக்குபவர், எடை போடுபவர், நாணயம் அடிப்பவர், எண்ணுபவர், கணக்கு எழுதும் குமாஸ்தா! மானிய உத்தரவுகளுக்கென்றே ஒரு ராஜா. அவர் முன்னால் ஃபர்மான்கள், மந்திரி முன்னால் தஃப்தர். அவருடைய படை காகிதம் செய்பவர், கோடு போடுபவர், பைண்டிங் செய்பவர். துணிமணிக்கு ஒரு ராஜா, இசைக்கு ஒரு ராஜா, வாளுக்கு, கிரீடத்துக்கு, வெள்ளி நாணயத்துக்கு என்று மொத்தம் எட்டு. டிராகன்மேல் ஏறிய பாம்பு போய், ஃபைல் சுமக்கும் ஆள் வந்துவிட்டான். சென்ட்ரல் செக்ரடேரியட்டின் முன்னோர்கள்!

ஆனால் அபுல் ஃபசல் எதையும் தன் பாதுஷாவின் கணக்கில் எழுதிவிடும் மனிதர். இந்த எட்டு இனக் கட்டு அக்பரின் கண்டுபிடிப்பு அல்ல. 1535 வாக்கில் இறந்த அஹ்லி ஷிராசி என்ற பாரசீகக் கவிஞர் இதே எட்டு இனங்களுக்குச் சீட்டுக்கு ஒன்றாகக் கவிதை எழுதி வைத்திருக்கிறார். அக்பர் பிறந்ததே 1542ல். எண் சீட்டுகளில் வெறும் சின்னங்களுக்குப் பதிலாக வேலை செய்யும் மனிதர்களை வரையச் சொன்னது வேண்டுமானால் அக்பருடைய யோசனையாக இருக்கலாம். அதுவும் சின்ன விஷயமில்லை. போர்க்களத்தை எடுத்துவிட்டு நிர்வாகத்தை வைக்கிறார். ராஜ்ஜியம் யானையால் நடக்கவில்லை, எடை போடுபவனாலும் கோடு போடுபவனாலும் நடக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் இதைச் செய்ய முடியும். சீட்டாட்டத்தின் நோக்கம் ஆட்களை எடைபோடுவதும் அரசவையில் இணக்கத்தை வளர்ப்பதும் என்றுகூட ஆயின் சொல்கிறது.

நாடு முழுக்கப் பரவியதும் இந்த 96 சீட்டு எட்டு இனக் கட்டுதான். மூன்று பேர், ஆளுக்கு 32. பகலில் ஆடினால் சிவப்பு, அதாவது தங்க நாணய ராஜா வைத்திருப்பவர் தொடங்க வேண்டும். இரவில் வெள்ளி நாணய ராஜா. சூரியனும் சந்திரனும் விதிப்புத்தகத்தில் இருக்கிறார்கள் பாருங்கள்.

பன்னிரண்டு ராஜாக்கள் ஆட்டத்திலிருந்து போய்விட்டாலும் அந்த மாய உலகம் வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. தசாவதாரக் கஞ்சிஃபா, பத்து இனம், 120 சீட்டு. பகலில் ராமர், இரவில் கிருஷ்ணர் தொடங்குவது வழக்கம். இங்கும் பாதி இனங்களுக்கு எண் தலைகீழ். எந்தப் பாதி? மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனம். பரசுராமரிலிருந்து பத்து பெரிது. விலங்கு உருவங்கள் ஒரு பக்கம், ஆயுதம் ஏந்திய மனிதர்கள் மறுபக்கம். வாமனர் மட்டும் விலங்குகளோடு மாட்டிக்கொண்டார். அக்பர் கட்டின் பழைய கோடு இங்கேயும் ஓடுவதாக எனக்குப் படுகிறது.

மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 19ம் நூற்றாண்டில் புதுப்புதுக் கட்டுகளை வடிவமைத்தார். மகாராஷ்டிராவின் சாவந்த்வாடியில் அழியப்போன கலையை 1970களில் அரச குடும்பம் அரண்மனையிலேயே பட்டறை வைத்துக் காப்பாற்றியது. 2024ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒடிசா ரகுராஜ்பூரில் துணியைப் புளியங்கொட்டைப் பசையில் ஒட்டி, வட்டமாக வெட்டி இன்றும் வரைகிறார்கள். தில்லி ஹாட்டில் ஒடிசா கடை வந்தால் பாருங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு நான்கைந்து சீட்டு சுவரில் மாட்டத் தயாராக இருக்கும்.

குறியீடு கிடைத்தது சீட்டு வரையும் கைத்தொழிலுக்கு. எண்ணைத் தலைகீழாக்கும் விதிக்கு யார் குறியீடு கொடுப்பது? ஒடிசாவில் சில கிராமங்களில் வயதானவர்கள் இன்னும் ஆடுகிறார்கள். மற்ற இடங்களில் பெட்டிக்குள் படம் இருக்கிறது, ஆட்டம் இல்லை. நான் ஒரு தசாவதாரக் கட்டு வாங்கினேன். முழுக் கட்டு, 120ம் இருந்தது. விதித்தாள் இல்லை. கடைக்காரர் வெகு அன்பாகச் சொன்னார்: "விளையாடவா கேட்கிறீர்கள்? அழுக்காகிவிடுமே சார்."