நெகிழ்வதும் நெகிழாததும்

கிரேக்க மூலத்தில் ‘பிளாஸ்டிக்’ என்ற பெயர் குழைத்து உருக்கொடுக்கும் வினையிலிருந்து பிறந்தது. அதை அப்படியே ஒலிபெயர்த்துவிடாமல், நம் ‘நெகிழ்’ என்னும் வினையைத் தேடியெடுத்து இகர விகுதி ஏற்றி ‘நெகிழி’ ஆக்கியவருக்கு நல்ல செவி வாய்த்திருக்கிறது. வளை நெகிழும், பிடி நெகிழும், மொட்டு நெகிழும், நெஞ்சும் நெகிழும். இறுகியிருந்தது இடங்கொடுக்கத் தொடங்கும் அந்தக் கணமே இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பொருள். ககரத்தில் மூச்சு தளர்ந்து ழகரத்தில் நா மடிய, சொல்லும்போதே வாய்க்குள் ஏதோ இளகுகிறது.

நண்டு ‘ஞண்டு’ ஆவதுபோல ‘நெகிழ்’ என்பதும் ‘ஞெகிழ்’ என்று வழங்கியதுண்டு. சங்கப் பாக்களில் ‘ஞெகிழம்’ காற்சிலம்பு, ‘ஞெகிழி’யோ கொள்ளிக்கட்டை! தெருமுனைக் குப்பைக்குத் தீ வைப்பவர் அறியாமலே நெகிழியை ஞெகிழியாக்குகிறார். அதில் பி.வி.சி. குழாய்த் துண்டு கிடந்தால் ஐதரசன் குளோரைடு ஆவியும் டையாக்சின் நஞ்சும் எழும். பழைய கொள்ளிக்கு அந்தக் குற்றமில்லை.

இந்தப் பெயர் எல்லா நெகிழிக்கும் பொருந்துகிறதா? பாடநூல்கள் ‘இளகும் நெகிழி’, ‘இறுகும் நெகிழி’ என்று பிரிக்கின்றன. பாலித்தீன் பையும் குடமும் முதல் வகை. சூட்டில் இளகும், மறுபடி வார்க்கலாம். 1907இல் வேதியியலாளர் பேக்லாண்டு உருவாக்கித் தம் பெயரையே சூட்டிய பேக்கலைட்டு இரண்டாம் வகை. பழைய வீட்டுச் சுவரின் கறுப்பு மின்விசைக் குமிழை எத்தனை சூடாக்கினாலும் கருகுமேயன்றி இளகாது. அரைத்து வேறொன்றில் நிரப்புபொருளாகக் கலப்பதற்கு மேல் பெரிதாக வழியில்லை. நெகிழாத நெகிழி! இலக்கணம் இதைப் பொறுக்கும், ஆலை பொறுக்காது.

‘நெகிழ்’ என்னும் வினையின் பொருளை அப்படியே வேலைக்கு வைத்தவர் மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன். சாலை போட ஏறத்தாழ 160 பாகை செல்சியசுக்குச் சூடேறிய கருங்கல் சல்லியின்மேல் பையின் துணுக்குகளைத் தூவினால், அவை நெகிழ்ந்து கல்லில் மெல்லிய தோலாகப் படியும். அதன்மேல் தார் நன்கு பற்றும். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் இதற்கு ஆகும். சூட்டில் நஞ்சு கக்கும் பி.வி.சி.க்கு இங்கும் இடமில்லை.

தெருவோ இத்தனையும் கேட்காது. நமக்கு நெகிழிப் பை ‘கவர்’, ஈழத்தவருக்குச் ‘சொப்பின் பை’. காயலாங்கடைக்காரர் ‘பெட் பாட்டில்’, ‘பால் கவர்’ என்று வகைபிரித்து விலை சொல்வார். அலுமினியம் பூசிப் பல அடுக்கு ஒட்டிய சிப்ஸ் உறையைப் பெரும்பாலும் தொடமாட்டார். அடுக்குகளைப் பிரிக்க எளிய வழியில்லை. நெகிழியின் வகையைக் காட்ட முக்கோணக் குறிக்குள் பொறிக்கும் ஒன்று முதல் ஏழு வரையான எண்களில், இத்தகைய கலப்பு உறைகள் சேரும் கடைசியான ஏழுக்குப் பெயரே ‘மற்றவை’தான்.

2019 சனவரி 1 அன்று தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்தபின் ‘நெகிழி’ அறிவிப்புப் பலகைகளில் ஏறியது. ஏறியதிலிருந்து ‘ஒழிப்பு’, ‘மாசு’, ‘இல்லா’ என்னும் சொற்களோடுதான் அதற்குக் கூட்டு. பிரிவுபசார விழாக்களில் பேசுவோர் ‘நெகிழ்ந்துபோனேன்’ என்று தயங்காமல் சொல்வதைப் பார்த்தால், வினையில் இன்னும் அந்தக் கறை ஒட்டவில்லை.