மரப்பாவையும் சட்டமும்

மெல்லிய வாளால் பலகையை வளைத்தறுத்துச் சிறார்க்கு விளையாட்டுப் பொருள் இயற்றுதல் பழந்தொழிலேயாம். 1760-ஆம் ஆண்டையடுத்து, இலண்டன் மாநகரத்து ஜான் ஸ்பில்ஸ்பரி என்பார், பலகையில் ஒட்டிய தேசப்படத்தை நாட்டெல்லை வழியே அறுத்து, பிள்ளைகள் பொருத்திப் பூகோளம் பயிலுமாறு விற்றனர். எட்சி என்னும் இணையக்கடை 2005-இல் தோன்றியபின், வீட்டுத் திண்ணையில் வாள் பிடிப்பாரும் உலகெங்கும் விற்கும் வாய்ப்பினை எய்தினர்.

அவ்வாய்ப்பிற்கு விரைவிலேயே இடர் நேர்ந்தது. 2007-இல் அமெரிக்காவில் இறக்குமதியான பொம்மைகள் பலவற்றின் வண்ணத்தில் ஈயநஞ்சு காணப்பட்டது. ஆகவே 2008-இல் அந்நாட்டார், சிறுவர் பொருள்களையெல்லாம் பரிசோதனைச் சாலையில் ஆய்வித்தே விற்கவேண்டுமெனச் சட்டமியற்றினர். நோக்கம் நன்றே. ஆயின் இலட்சம் பொம்மை வார்க்கும் ஆலைக்கு அச்செலவு துரும்பு. பத்துப் பொம்மை அறுக்கும் தச்சனுக்கோ மலை. குற்றம் பிறரது, தண்டம் இவனது!

கைவினைஞர் சோர்ந்திலர், கூட்டணியொன்று கண்டு முறையிட்டனர். அதனால் 2009-இல் வண்ணம் பூசாத மரத்திற்கு ஈயச்சோதனை வேண்டாவென்றாயிற்று. 2011-இல், ஒருவகைப் பொருளில் ஆண்டிற்கு 7,500-க்கு மேற்படாமலும், 10 இலட்சம் டாலர் வருவாய்க்கு மிகாமலும் விற்போர், தம்மைப் பதிவுசெய்துகொள்ளின் சில சோதனைகளினின்று விலக்குப் பெற்றனர். வண்ணத்தின் ஈயச்சோதனை முதலியனவோ நிலைத்து நின்றன, அது நீதியே.

நம் நாட்டிலும் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைத் தரவிதி நடைமுறைக்கு வந்துழி, கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிந்த கைவினைஞர் விலக்குப் பெற்றனர். பதியாதாருக்கு அவ்விலக்கில்லை.

அன்பர்காள்! கைத்திறம் தனியொருவனுக்கு உரியது. சட்டத்தின் செவியில் ஏறுவதோ கூட்டத்தின் குரலே. இதனை நம் சங்கத்தார் மறவாதிருப்பாராக.