தளபதியின் கடிதங்களும் நம் டிரங்குப் பெட்டியும்

கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றில் நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மாணவனின் பாட்டியார் தம் அண்ணனைப் பற்றிச் சொன்னார். ஜப்பான் காலத்தில் அவர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை. பயிற்சி முகாமிலிருந்து வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் எழுதினாராம்.

"கடிதம் எங்கே பாட்டி?" என்றோம்.

"வெள்ளைக்காரன் மோரிப்புல வந்து எறங்கிட்டான்னு கேட்டதும் அம்மா அடுப்புல போட்டுட்டாங்க வாத்தியாரே."

பிரிட்டிஷ் படை மோரிப் கடற்கரையில் இறங்கியது 1945 செப்டம்பர் 9ஆம் நாள். மகன் எந்தப் படையில் இருந்தான் என்பது தெரிந்தால் என்ன நேருமோ என்று அத்தாய் அஞ்சியதில் வியப்பென்ன?

அந்த அண்ணனுக்கு உச்சத் தளபதியாக இருந்தவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். 1943 ஆகஸ்டு 25ஆம் நாள் படையின் தலைமையை நேரடியாக ஏற்றவர். அவருடைய சொந்தக் கடிதங்கள் மட்டும் எப்படிப் பிழைத்தன?

கல்கத்தாவில், எல்ஜின் சாலையிலிருக்கும் போஸ் குடும்பத்து வீட்டில், 1957ஆம் ஆண்டு நேதாஜி ஆய்வகம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் நேதாஜியின் அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிர் குமார் போஸ், குழந்தைகள் மருத்துவர். 1941 ஜனவரியில், காவலிலிருந்த சித்தப்பாவை நள்ளிரவில் காரில் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவை விட்டுக் கடத்திச் சென்ற இளைஞர் அவரேதான்! அதன் பொருட்டுப் பிறகு சிறையும் கண்டார்.

கடிதம் திரட்டுவது எளிய வேலையன்று. ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருப்பதில்லை, பெற்றவரிடம் இருக்கும். ஆகவே ஒரு தளபதியின் கடிதங்களைத் தேடுகிறவர், அவருடைய உறவினர், நண்பர் வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். பெற்றவர் எரித்திருந்தால் அதோடு முடிந்தது.

வியன்னாவில் வாழ்ந்த நேதாஜியின் மனைவி எமிலி சென்கல் எரிக்கவில்லை. 1934 முதல் 1942 வரை அவருக்கு நேதாஜி எழுதிய 160க்கும் மேற்பட்ட கடிதங்கள் 1994ஆம் ஆண்டு நூலாக வந்தன. இன்னொரு கடிதமும் உண்டு. 1943 பிப்ரவரி 8ஆம் நாள், நீர்மூழ்கிக் கப்பலில் ஆசியாவை நோக்கிப் புறப்படும் வேளையில், அண்ணன் சரத்துக்கு வங்காள மொழியில் எழுதியது. தமக்குத் திருமணமாகி ஒரு மகள் பிறந்திருப்பதை அதில்தான் தெரிவித்தார். குழந்தைக்கு அப்போது மூன்று மாதங்கூட நிறையவில்லை. சரத் போஸ் 1948ஆம் ஆண்டு குடும்பத்தோடு வியன்னா சென்று தம்பியின் மனைவியையும் மகளையும் நேரில் கண்டார். மேடையில் முழங்கிய தலைவரை நம் பெரியவர்கள் அறிவார்கள். அண்ணனிடம் தயங்கித் தயங்கிக் குடும்பச் செய்தி சொல்லும் தம்பியை அந்தத் தாள் ஒன்றுதான் காட்டுகிறது.

நேதாஜியின் எழுத்துக்கள் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்துள்ளன. ஆனால் அவர் நம் நாட்டில் நடமாடிய 1943க்குப் பிந்திய காலத்தைப் படித்தால், உரைகளும் உத்தரவுகளுமே மிகுதி. ஜப்பான் சரணடைகிறது என்ற செய்தி வந்தபோது அவர் இருந்த இடம் இதோ பக்கத்துச் சிரம்பான்! எதிர்த்தரப்பிலும் இப்படிச் சேகரித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சரணடைந்த ஜெனரல் பெர்சிவலின் தாள்கள் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. தோற்ற தளபதிக்கும் இடமுண்டு. படையில் நடந்து போன பால்மரத் தொழிலாளியின் கடிதம்தான் அகப்படுவதில்லை.

உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்துத் தாள் ஏதும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கிழிசலில் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறை போட்டு உருக்கி மூடவும் வேண்டாம். உறையையும் தூக்கியெறியாதீர்கள், ஜப்பானியர் தங்கள் முத்திரை குத்திப் புழங்கவிட்ட மலாயா தபால் தலையிலிருந்தே காலம் தெரியும். யார் யாருக்கு எழுதியது என்பதை வேறு தாளில் எழுதி உடன் வையுங்கள். கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. தனியார் தாள்களுக்கும் அங்கே இடமுண்டு.

அந்தப் பாட்டியாரிடம் கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டோம். சற்று யோசித்தார். "செவலைப் பசு கன்னு போட்டுச்சான்னு கேட்டிருந்தாரு. நான்தான் படிச்சுக் காட்டினேன்." அதை அப்படியே மாணவனின் அப்பியாசப் புத்தகத்தில், அண்ணன் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதச் செய்தோம்.