தெருவீடும் விளைவீடும்: இரண்டாவது நாய் வரும்போது

குமரி மாவட்டத்தின் வடசேரி, சுசீந்திரம், பூதப்பாண்டித் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். முன்னால் திண்ணை, பின்னால் சிறு புறவாசல். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் தென்னை, மரச்சீனி, ரப்பருக்கு நடுவே தனித்தனி விளைவீடுகள். ஏற்கெனவே நாய் இருக்கும் வீட்டுக்கு இன்னொன்றைக் கொண்டுவர விளைவீடுதான் தோது, இடம் தாராளம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

தெருவீட்டு நாய் குட்டியிலிருந்தே பால்காரரையும் மீன் கொண்டு வருபவரையும் நாலு தெருநாய்களையும் பார்த்து வளர்கிறது. புதிய வாடை அதற்குப் பழக்கம். விளைவீட்டு நாய்க்கு வேலிக்குள் இருப்பதுதான் உலகம். ராஜபாளையமோ நாட்டு நாயோ, பல வீடுகளில் பகல் முழுக்கச் சங்கிலியில் கிடக்கும். நாய்கள் நேருக்கு நேர் வந்து அறிமுகமாவதில்லை. சற்று வளைந்து வந்து, பின்பக்கம் முகர்ந்து, பிடிக்காவிட்டால் விலகிப் போகும். கட்டிக்கிடக்கும் நாயால் வளைந்து வரவும் முடியாது, விலகவும் முடியாது. அதற்கு மிச்சம் பாய்ந்து குரைப்பதுதான். அதைப் பார்த்து ‘இதுக்கு இன்னொண்ணு ஆகாது’ என்று வீட்டார் முடிவு கட்டிவிடுகிறார்கள். குற்றம் நாயுடையதல்ல.

ஆகவே விளைவீட்டில் முதல் சந்திப்பு வேலிக்கு வெளியே, சானல்கரை போன்ற பொது இடத்தில் நடக்க வேண்டும். ஆளுக்கொரு நாயாக இருவர், கயிற்றைத் தளர விட்டு, நல்ல இடைவெளியில் ஒரே திசையில் நடக்க வேண்டும். உடம்பு விறைத்து, வால் நிமிர்ந்து, கண் கொட்டாமல் முறைத்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். உடம்பு தளர்ந்து தரையை முகரத் தொடங்கினால் குறைக்கலாம். பிறகு இரண்டையும் சேர்த்தே வீட்டுக்குள் அழைத்து வாருங்கள்.

தெருவீட்டின் சிக்கல் வேறு: சோறும் வாசலும். குறுகிய நடையில் இரண்டு நாய்கள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. ஒரு மீன்தலை போதும், சண்டைக்கு. தட்டுகளை வெவ்வேறு அறையில் வைத்து, தின்று முடித்ததும் எடுத்துவிட வேண்டும். பழைய நாய் உறுமினால் அடிக்கக்கூடாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதை அடக்கினால், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கும். ஆனால் தெருவீட்டில் எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். விளையின் கோடியில் நடக்கும் சண்டையை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு விஷயத்தில் விளைவீடே மேல். பார்வோ வைரஸ் தொற்றிய நாய்க்கு அறிகுறி தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள், சில வேளை 14 நாள் வரை ஆகும். அதுவரை பழைய நாயைச் சந்திக்க விடாமல் புதிய நாயை விறகுப்புரையில் தனியே வைக்கலாம்; தெருவீட்டில் அதற்கு ஏது இடம்? இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, உண்ணிக்குக் குறைவில்லை. தனியே வைத்திருக்கும் நாட்களில் அதையும் பார்த்து எடுத்துவிடலாம். 3 மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி இரண்டு வீட்டுக்கும் பொது. கருத்தடையும் அப்படியே.

விளைவீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாவது நாயைத் தேடுவதற்கு முந்தின மாதமே முதல் நாயைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்து, தினமும் ஒரு வேளை கயிற்றோடு வெளியே நடத்திக் கூட்டிப் போங்கள்.