போப் தடை செய்த வில்லும் நான் நடத்திய பாடமும்



போன வாரம் அமெரிக்காவில் விஸ்கான்சினிலிருந்து பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் அழைத்தான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் லைசென்ஸ் எடுத்து, நண்பர்களோடு வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போகிறவன். (இங்கே 1972 சட்டப்படி மான்மேல் கை வைத்தால் ஜெயில். அங்கே இத்தனை மான் என்று கணக்கு வைத்து அரசே அனுமதிக்கிறது. அந்தச் சண்டையை கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள்.) இந்த வருடம் அவனுக்குத் தோளில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. இனி வில்லை இழுக்க முடியாது. கிராஸ்போ வாங்கலாமா என்றால், "அது வில்லே இல்லை" என்கிறார்களாம் கூட்டாளிகள். "நீங்ககூட கிளாஸ்ல அதை போப் தடை செஞ்ச ஆயுதம்னு சொன்னீங்களே சார்" என்றான்.

சொன்னேன்தான். ஆனால் பாதியைத்தான் சொன்னேன்.

கிராஸ்போ என்பது துப்பாக்கிபோல ஒரு கட்டை, அதன் முனையில் குறுக்கே ஒரு சிறு வில். நாணை இழுத்துக் கொக்கியில் மாட்டிவிட்டால் கொக்கியே பிடித்துக்கொள்ளும். விசையை அழுத்தினால் அம்பு போகும். சீனத்தில் சின் பேரரசரின் களிமண் வீரர்களோடு அதன் வெண்கல விசைகளும் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் 1139இல் இரண்டாம் லேட்டரன் சங்கம் இதைக் கிறிஸ்தவர்கள்மேல் எய்யக் கூடாது என்றது. நான் விட்ட பாதி இதுதான்: அதே வரியில் சாதாரண வில்லாளிகளுக்கும் தடை உண்டு. யாரும் கேட்கவுமில்லை. 1199இல் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட் கிராஸ்போ அம்பு பட்டுத்தான் செத்தான். அவன் படையிலேயே கிராஸ்போ வீரர்கள் இருந்தார்கள்!

வில்லாளியாகப் பல வருடப் பயிற்சி வேண்டும். கிராஸ்போவைச் சில வாரத்தில் பழகிவிடலாம். எரிச்சலுக்கு அது முக்கியமான காரணம் என்பது என் எண்ணம்.

கூட்டாளிகள் வைத்திருக்கும் காம்பவுண்ட் வில் மட்டும் என்ன, ராமர் காலத்ததா? மிசௌரியைச் சேர்ந்த ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் வில்லின் இரு முனைகளிலும் உருளைகளை வைத்து 1966இல் விண்ணப்பித்து, 1969இல் காப்புரிமை வாங்கினார். அந்த உருளைகளால், 60 பவுண்டு விசையில் இழுக்கத் தொடங்கும் வில் முழுதும் இழுத்தபின் கையில் 15 பவுண்டு அளவே கனக்கும். அது வந்த புதிதில் மரவில்காரர்கள் அதையும் "இது மெஷின்" என்றுதான் சொன்னார்கள். சரித்திரம் படித்தவனுக்குச் சிரிப்பு வராதா?

வித்தியாசம் இல்லாமலும் இல்லை. காம்பவுண்ட் வில்லை மான் எதிரே நிற்கும்போதுதான் இழுக்க வேண்டும். அந்த அசைவைப் பார்த்தாலே மான் ஓடிவிடும். கிராஸ்போவை முன்பே ஏற்றி வைத்துக் காத்திருக்கலாம். அந்த லாபம் பெரிது. ஆனால் கனம் அதிகம், சத்தம் அதிகம், முதல் அம்பு தவறினால் மறுபடி ஏற்றுவதற்குள் மான் போய்விடும். துப்பாக்கிபோல இருப்பதால் நூறு கஜம் பாயும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஒலி நொடிக்கு 1,100 அடி போகும். கிராஸ்போ அம்பு 400 அடி போனாலே அதிகம். சத்தம் முதலில் சேர, மான் சட்டென்று உடலைத் தாழ்த்திவிடும். அம்பு தப்பான இடத்தில் பட்டால் அந்த ஜீவன் காயத்தோடு காட்டுக்குள் கிடந்து சாகும். எந்த வில்லானாலும் முப்பது நாற்பது கஜத்துக்குள் எய்வதுதான் நியாயம்.

சட்டமும் ஒரே மாதிரி இல்லை. ஓரிகானில் வேட்டைக்குக் கிராஸ்போ கூடாது. விஸ்கான்சினில் 1934லேயே வில்லுக்கென்று மான் சீசன் வந்துவிட்டது. ஆனால் அதில் கிராஸ்போ வெகுகாலம் முதியவர்களுக்கும் உடல் இயலாதவர்களுக்கும் மட்டும்தான். 2014இல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆக, இவனைப் போன்ற தோள்காரர்களுக்காகத்தான் அந்தக் கதவு முதலில் திறந்தது.

எனக்கும் கடைசி இரண்டு வருடம் கை மேலே போகாமல், கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும்.

அவனுக்கு எழுதிவிட்டேன்: "தாராளமாக வாங்கு தம்பி. முப்பது கஜத்தில் பழகு. நாண் ஓடும் பாதைக்கு மேலே கட்டைவிரலை வைக்காதே, துண்டாகிவிடும். அந்தப் பாடத்தையும் திருத்திக்கொள்." பதிலுக்கு, "நோட்டைத் தேடணும் சார்" என்று எழுதியிருக்கிறான்.