கப்பலின் அடிவயிற்றில் ஒரு நஞ்சு

மலாக்கா ஆற்றோரம் நிற்கும் மரக்கப்பலைப் பார்க்காமல் திரும்பும் பள்ளிச் சுற்றுலா உண்டா? ‘ஃபுளோர் டி லா மார்’ என்ற போர்த்துகீசியக் கப்பலின் மாதிரி அது. அசல் கப்பல் 1511-இல் மலாக்காவில் கொள்ளையடித்த செல்வத்தோடு கிளம்பி, சுமத்ரா அருகே மூழ்கியது. அப்போதே அது நீர் கசியும் பழைய கப்பல்.

வெதுவெதுப்பான கடலில் மரக்கப்பலுக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று, மரத்தைக் குடையும் புழு. மற்றொன்று, அடியில் ஒட்டி வளரும் கொட்டலசும் பாசியும். பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் காத்துக் கிடந்த கப்பல்களில் இவை கொண்டாட்டமாக வளர்ந்தன. மலாய் மக்கள் டாமர் என்ற குங்கிலியத்தை எண்ணெயில் குழைத்துப் பலகை இடுக்குகளை அடைத்தார்கள். 1761-இல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலார்ம்’ என்ற கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்துப் பார்த்தது. செம்பு கரையக் கரைய, ஒட்ட வந்த உயிர்கள் விலகின.

இரும்புக் கப்பலில் செப்புத் தகடு இரும்பையே அரித்தது. ஆகவே நஞ்சைச் சாயத்தில் கலந்தார்கள். 1960-களில் வந்தது டிபிடி எனப்படும் வெள்ளீயக் கலவை. கப்பல் முதலாளிகளுக்கு அது பெரிய வரம். அடி சுத்தமாக இருந்தால் எரிபொருள் மிச்சமாகும் அல்லவா?

அந்த வரம் வேறிடத்தில் சாபமானது. 1970-களின் இறுதியில் பிரான்சின் ஆர்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது. லட்சம் கோடியில் ஒரு பங்கு நஞ்சே பெண் கடல்நத்தைக்கு ஆண் உறுப்பை முளைக்கச் செய்தது. அவற்றின் இனப்பெருக்கம் தடைபட்டது. பிரான்ஸ் 1982-இல் சிறு படகுகளுக்கு இதைத் தடை செய்தது.

நம் நீரிணை தப்பியதா? இல்லை. எண்ணெய்க் கப்பல்கள் செல்லும் மலாக்கா நீரிணை வழித்தடத்தில் டிபிடி இருப்பதை 1998-இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. பிறகு மலேசியக் கரையோரப் பச்சை மட்டியிலும் அது தென்பட்டது. கடலில் விட்ட நஞ்சு சமையல்கட்டு வரை வருவதற்கு அதிக தூரம் இல்லை. அனைத்துலகக் கடல்சார் அமைப்பின் தடை ஒப்பந்தம் 2001-இல் ஏற்கப்பட்டாலும், 2008-இல்தான் நடப்புக்கு வந்தது.

மாற்று எங்கே? விடை கடலிலேயே இருக்கிறது. மென்மையான உடல்கொண்ட சில கடலுயிர்கள் மேல் எதுவும் ஒட்டுவதில்லை. இதற்கு ஒரு காரணம், அவற்றின் தோலில் வாழும் பாக்டீரியாக்கள். சுவீடன் கடலின் பை போன்ற ஓர் உயிரியில் கண்டெடுத்த ‘சூடோஆல்டெரோமோனாஸ் டுனிகாட்டா’ என்ற பாக்டீரியா, கொட்டலசுக் குஞ்சுகளையும் பாசி வித்துகளையும் விரட்டும் பொருள்களைச் சுரக்கிறது. சிட்னி நிபுணர்கள் இதை 1990-களில் விரிவாக ஆராய்ந்தார்கள். 2003-இல் ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடல் பாக்டீரியாச் சாற்றை நீர்ச் சாயத்தில் கலந்து சோதித்த முடிவுகளை வெளியிட்டார்கள்.

இப்பொருள்களில் பல கடலில் விரைவில் சிதைந்துவிடுகின்றன. அதுதான் நன்மை; அதுவேதான் தொல்லையும். வணிகக் கப்பல் உலர்துறைக்கு ஏறுவது ஐந்தாண்டுக்கு ஒருமுறை என்றால், சாயமும் அதுவரை தாங்கவேண்டும். அத்தனை காலம் சிறுகச் சிறுகக் கசியும் பாக்டீரியாச் சாயம் இன்னும் பெருங்கப்பல்களுக்குப் பரவலாக வரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை இன்றும் செம்பு கலந்த சாயத்தோடுதான் நீரிணையைக் கடக்கின்றன.